ரேஷன் கடை மதிப்புரை: 105 ரூபாய் பில்லும் அதில் அச்சாகாத கணக்கும்

நான்கு பெரியவர்கள் உள்ள வீடு, முன்னுரிமையற்ற அரிசி அட்டை. மாதத்துச் சரக்கு எல்லாம் ஒழுங்காக வந்தால் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அந்த வீட்டுக்கு ஆகும் பில் 105 ரூபாய். அரிசி 20 கிலோவுக்கு விலையில்லை. சர்க்கரை 2 கிலோ 50 ரூபாய், துவரம் பருப்பு 1 கிலோ 30, பாமாயில் 1 லிட்டர் 25. இதையே தெருமுனை மளிகைக் கடையில் வாங்கினால், அரிசி கிலோ 35, சர்க்கரை 45, பருப்பு 130, எண்ணெய் 120 என்று மிதமாகப் போட்டாலே 1,040 ரூபாய் வரும். மாதம் 935 ரூபாய், வருடத்துக்கு 11,220 ரூபாய் மிச்சம். விலைக்கு மட்டும் நட்சத்திரம் போடுவதென்றால் ஐந்தும் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் இந்த விலை கடை வைத்த விலை இல்லை. மீதிப் பணத்தை வேறு யாரோ கட்டுகிறார்கள். அதனால் சரக்கு, எடை, வரத்து மூன்றையும் பார்க்கும்போதே பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கடை புரியும்.

முதலில் அட்டை. ஸ்மார்ட் அட்டையில் அச்சிட்டிருக்கும் குறியீடுதான் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பி.எச்.எச். என்றால் முன்னுரிமை அட்டை. பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றால் அந்தியோதயா, வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் 35 கிலோ அரிசி. என்.பி.எச்.எச். முன்னுரிமையற்ற அரிசி அட்டை; ஒரே பெரியவர் என்றால் 12 கிலோ, இருவர் என்றால் 16, அதற்கு மேல் எத்தனை பேர் இருந்தாலும் 20 கிலோதான். கூட்டுக் குடும்பங்கள் திருமணமானதும் முதல் வேலையாக அட்டையைப் பிரிக்க ஓடுவது இந்த 20 கிலோ உச்சவரம்பாலும்தான். கடைசியில் எஸ் என்று இருந்தால் சர்க்கரை அட்டை: அரிசி கிடையாது, பதிலுக்குக் கூடுதலாக 3 கிலோ சர்க்கரை. என்.சி. என்றால் பொருளே வேண்டாத அட்டை, அடையாளத்துக்கு மட்டும். அந்தக் கூடுதல் போக, வழக்கமான சர்க்கரை தலைக்கு அரைக் கிலோ, அட்டைக்கு உச்சம் 2 கிலோ. கோதுமை தனியாகச் சேராது. அரிசி அளவில் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். மண்ணெண்ணெயைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒன்றிய அரசு ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொண்டே வந்ததில் பல ஊர்களில் அது பேருக்குத்தான் இருக்கிறது.

இனி அரிசி. இந்தக் கடையின் முதன்மைச் சரக்கு இதுதான், அதிகம் திட்டு வாங்குவதும் இதுதான். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் டெல்டாவின் நேரடி கொள்முதல் நிலையங்களில் வாங்கும் நெல், அரவை ஆலைகளில் அரைபட்டுக் கிடங்குக்கு வருகிறது. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து வருவது இன்னொரு பங்கு. கொள்முதலில் ஈரப்பதத்துக்கு வரம்பு 17 சதவீதம். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் விவசாயிகள் தளர்வு கேட்பார்கள், ஒன்றிய அரசும் சில பருவங்களில் கொடுக்கும். விவசாயிக்கு அது நியாயம். ஆனால் ஈர நெல் சாக்கில் அடைந்து, தார்ப்பாயின் கீழே வெந்து, பிறகு அரவைக்குப் போனால் அரிசியில் பழுப்பும் கறுப்பும் ஏறும். கொள்முதல் நிலையத்தில் விவசாயிக்குக் காட்டிய சலுகையின் விலையைக் கடைசியில் சோற்றுப் பானையில் அட்டைதாரர் கட்டுகிறார். வாடை அடிப்பது இன்னொரு விஷயம். புழுங்கல் போடும்போது ஊறவைத்த தண்ணீரை மாற்றாமல் விட்டால் அந்தப் புளித்த மணம் அரிசிக்குள் இறங்கிவிடும். எத்தனை முறை கழுவினாலும் முழுதும் போகாது. நொய் அதிகமாக இருப்பதைக் கலப்படம் என்று பலர் நினைக்கிறார்கள். அரசின் தர விதியே பச்சரிசியில் 25 சதவீதமும் புழுங்கலில் 16 சதவீதமும் குருணையை அனுமதித்துதான் வாங்கி வந்திருக்கிறது.

சமைக்க: அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்று தண்ணீர் கழுவி, அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வைத்து வடித்தால் சோறு உதிரியாக வரும். குக்கரில் வைத்தால் பிசுபிசுக்கும், வாடையும் உள்ளேயே தங்கும். புழுங்கலை இட்லிக்குப் போடுவதுதான் உத்தமம். நான்குக்கு ஒன்று உளுந்து போட்டு அரைத்தால் கடை இட்லி அரிசிக்குச் சளைக்காது. இந்த அரிசியைச் சோறாகச் சாப்பிடாத நடுத்தரக் குடும்பங்களும் மாவுக்காக வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

அண்மை ஆண்டுகளில் வந்தது செறிவூட்டப்பட்ட அரிசி. நூறு மணிக்கு ஒன்று என்ற விகிதத்தில், அரிசி மாவில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்து மணி வடிவில் அழுத்தியதைக் கலந்தார்கள். அது மற்ற மணியைவிட வெளுப்பாக இருக்கும், கழுவும்போது சில மிதக்கும். உடனே ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்துவிடுகிறது. பொறுக்கி எறிய வேண்டாம். ஒரு சங்கடம் உண்டு: கஞ்சி வடித்தால் சத்தில் கொஞ்சம் அதோடு போகும். வாசனைக்காக வடிப்பதா, சத்துக்காக வற்ற வைப்பதா என்பது அந்த மாதத்து அரிசியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

அடுத்தது எடை. இந்தக் கடையைப் பற்றிய எந்தப் பேச்சும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். ‘விற்பனையாளர் திருடுகிறார்’ என்று ஒரு வரியில் முடிந்தும் போகும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 800 அட்டை உள்ள கடை, அட்டைக்கு 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் மாதம் 16 டன் அரிசி, 50 கிலோ மூட்டையில் 320 மூட்டை. சணல் சாக்கே அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். கொக்கி போட்டு இழுத்ததில் சிந்துவது, ஈரம் காய்வது, கிடங்கிலேயே குறைவது எல்லாம் சேர்த்து மூட்டைக்கு ஒரு கிலோ குறைந்தால் 320 கிலோ காணோம். இருப்பு ஆய்வில் அந்தக் குறைவுக்குப் பணம் கட்ட வேண்டியவர் விற்பனையாளர். அரசுக்கு ஆகும் அடக்கம் கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 12,800 ரூபாய். புதிதாகச் சேர்ந்த விற்பனையாளருக்கு முதல் வருடம் தொகுப்பூதியம் மாதம் 6,250 ரூபாய், எடையாளருக்கு 5,500. சம்பளத்தைப் போல இரு மடங்குப் பற்றாக்குறை தலைக்கு மேல் தொங்கும்போது அதை 800 அட்டைக்கும் பிரித்தால் ஆளுக்கு 400 கிராம்தான். 20 கிலோவில் 400 கிராம் யார் கண்ணிலும் படாது. கெட்ட எண்ணமே இல்லாதவரையும் இந்த ஏற்பாடு அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும். கெட்ட எண்ணமும் சேர்ந்துகொண்டால் 400 கிராமோடு நிற்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு அரசு கண்ட மருந்து, மின்னணுத் தராசை பில் போடும் பி.ஓ.எஸ். கருவியோடு புளூடூத்தில் இணைப்பது. தராசில் உரிய எடை ஏறினால்தான் பில் நகரும். அட்டைதாரருக்கு இது நல்லது, வரிசைக்குக் கெட்டது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக நிறுத்தாக வேண்டும், சர்வர் இழுத்தால் எல்லோரும் நிற்க வேண்டும். ஆனால் கிடங்கிலிருந்து வந்து இறங்கும் மூட்டையைக் கடை வாசலில் எடை போட்டு ஒப்படைக்காதவரை மருந்து பாதிதான். வெளியே போகும் வாயை மட்டும் அடைத்தால் குறைவு வேறு வழி தேடும். அந்த வழிக்குப் பெயர் போலி பில்: கடைக்கே போகாத மாதத்தில் ‘துவரம் பருப்பு 1 கிலோ’ என்று எஸ்.எம்.எஸ். வருகிறதே, அதுதான். பணியாளர் சங்கங்கள் சரியான எடையில் சரக்கு கேட்பதை வெறும் சம்பளப் போராட்டமாகப் பார்ப்பது தவறு. நுகர்வோரும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை அது.

நீங்கள் செய்யக்கூடியவை சில. உங்கள் பையை வைப்பதற்கு முன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா பாருங்கள். கனமான டப்பாவில் அளந்து ஊற்றினால் டப்பா எடை கழிந்ததா கேளுங்கள். அட்டையில் பதிந்த கைபேசி எண் உயிரோடு இருக்கட்டும். எண்ணை மாற்றிவிட்டு அட்டையில் மாற்றாமல் விடுபவர்களுக்குத்தான் போலி பில் தெரியாமலே போகும். வாங்காத பொருள் பில்லில் இருந்தால் 1967 அல்லது 1800 425 5901. எழுத்தில் கொடுக்க வட்ட வழங்கல் அலுவலகம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமில் கொடுத்தால் பெயர் சேர்ப்பு, நீக்கம் போன்றவையும் அங்கேயே நகரும். உப்பு, டீத்தூள், சோப்பு எடுத்தால்தான் பருப்பு என்று சொன்னால் எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. அவை விற்பனை இலக்குக்காகத் தள்ளப்படும் சரக்கு, அட்டைக்கு உரியவை அல்ல. கைரேகை விழாதவர்கள் கண் கருவிழிப் பதிவைக் கேட்கலாம்; கடைக்கே வர முடியாத முதியவர் என்றால் வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது.

வரத்துக்கு வருவோம். அரிசி ஏறக்குறைய எந்த மாதமும் நிற்பதில்லை. பருப்பும் பாமாயிலும்தான் ‘இன்னும் லோடு வரல’. காரணம் எளிது. அரிசிக்குப் பின்னால் ஒன்றிய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் நாடு முழுதும் நிரம்பிய கிடங்குகளும் இருக்கின்றன. பருப்பும் எண்ணெயும் 2007 முதல் மாநிலம் தன் செலவில் நடத்தும் சிறப்புத் திட்டம். டெண்டர் விட்டுச் சந்தையில் வாங்கியாக வேண்டும். டெண்டர் தள்ளினால் கடை காலி. 2024 மே மாதம் மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகளுக்கு நடுவே கொள்முதல் தாமதமாகி, அந்த மாதப் பருப்பையும் எண்ணெயையும் ஜூனில் வாங்கிக்கொள்ள அனுமதித்தார்கள். அப்படி அறிவிப்பு வராத மாதத்தில் 31-ஆம் தேதி தாண்டினால் உரிமை போய்விடும். ஆகவே பருப்பு இருக்கிறது என்று தெரிந்த அன்றே வாங்கிவிடுங்கள். அரிசி வாங்க இன்னொரு நாள் வந்தாலும் ஒன்றுமில்லை.

அந்த 25 ரூபாய் பாமாயில் பாக்கெட் பொருளாதாரப் பாடம் நடத்தும் அளவுக்குச் சுவாரசியமானது. எண்ணெய் அடிப்படையில் இந்தோனேசியாவும் மலேசியாவும் அனுப்புவது. உள்நாட்டு எண்ணெய்வித்து விவசாயிகளைக் காக்க 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு இறக்குமதி வரியை ஏற்றியது. செஸ் எல்லாம் சேர்த்துக் கச்சா பாமாயிலுக்கு 27.5 சதவீதம், சுத்திகரித்ததற்கு 35.75 சதவீதம். 2025 மே இறுதியில் கச்சா எண்ணெய்க்கு மட்டும் 16.5 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்கு மேல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. இத்தனை வரியும் ஏறிய விலையில் மாநில அரசு வாங்கி, நட்டத்தை மானியமாகப் போட்டு, 25 ரூபாய்க்கு விற்கிறது. ஒரு அரசு எண்ணெய் விலையை உயர்த்தச் செலவழிக்கும் அக்கறையை இன்னொரு அரசு அதைத் தாழ்த்தச் செலவழிக்கிறது. நடுவில் மாநிலத்தின் மானியப் பணத்தில் ஒரு பங்கு சுங்க வரியாக டெல்லிக்குப் போகிறது. இரண்டுக்கும் தனித்தனியாக நியாயம் இருக்கலாம். சேர்த்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

சர்க்கரையின் கதை வேறு. 2017 நவம்பரில் கிலோ 13.50-இலிருந்து 25 ரூபாய் ஆனது. கிலோவுக்கு 18.50 கொடுத்துவந்த ஒன்றிய அரசு அதை அந்தியோதயா அட்டைகளோடு நிறுத்திக்கொண்டதுதான் காரணம். மாநிலம் சுமையில் ஒரு பகுதியைத் தான் தூக்கிக்கொண்டு மீதியை வாடிக்கையாளர் பக்கம் தள்ளியது. அந்தியோதயா அட்டைக்கு மட்டும் 13.50 தொடர்ந்தது.

அரிசிக்கும் இப்படியொரு பாகப்பிரிவினை உண்டு. 1997-இல் ஒன்றிய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்து எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்தபோதும் அதை விடவில்லை. சட்டப்படி தமிழ்நாட்டில் கிராமத்தில் 62.55 சதவீதம், நகரத்தில் 37.79 சதவீதம் பேருக்குத்தான் ஒன்றியப் பொறுப்பு. அந்தப் பங்கு 2023 ஜனவரி முதல் மாநிலத்துக்கும் இலவசமாக வருகிறது. மீதிப்பேருக்கு என்று பழைய ஒதுக்கீட்டைக் காப்பாற்றிக் கொடுக்கும் அரிசிக்கு மாநிலம் கிலோ 8.30 ரூபாய் கட்டுகிறது. அதற்கும் மேலே தேவைப்பட்டால் கூடுதல் விலை. நம் 105 ரூபாய் வீட்டின் 20 கிலோவுக்கு, 8.30 கணக்கில் மாநிலம் கட்டுவது 166 ரூபாய். அந்த அரிசியை வாங்கி, அரைத்து, சேமித்து, கொண்டுவந்து சேர்க்க ஆகும் அடக்கம் கிலோ 40 என்றால் 800 ரூபாய். இடைவெளி ஒன்றிய பட்ஜெட்டில். மாநில பட்ஜெட்டின் உணவு மானியமோ ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. ஒப்பிட ஒரு எண்: 2023-24-இல் டாஸ்மாக் வழியாக மாநிலத்துக்கு வந்தது 45,855 கோடி. ஒரு அரசுக் கடையில் குடும்பத் தலைவர் கொடுப்பதில் ஒரு துண்டு, இன்னொரு அரசுக் கடையில் குடும்பத் தலைவியின் பையில் பருப்பாகத் திரும்புகிறது.

‘கார் வைத்திருப்பவனுக்கு எதற்கு இலவச அரிசி’ என்ற கேள்விக்கு இந்தக் கடையிடம் ஓரளவு பதில் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்துப் பிரித்தால் இரண்டு வகைப் பிழை வரும்: வேண்டாதவருக்குப் போவது, வேண்டியவருக்கு விடுபடுவது. பட்டியல் போட்டு முதல் பிழையைக் குறைக்கப் போனால் இரண்டாவது பிழை ஏறும். கூலி வேலைக்குப் போகிறவரிடம் வருமானச் சான்று கேட்டால் அதற்கே இரண்டு நாள் கூலி போகும். இங்கே வரிசையும் அரிசியின் தரமுமே சல்லடை. நல்ல பொன்னி வாங்க முடிந்தவர் பெரும்பாலும் நிற்க மாட்டார். வேறொரு லாபமும் உண்டு: வாய் உள்ளவர்களும் அட்டை வைத்திருப்பதால்தான் பருப்பு வராத மாதம் செய்தி ஆகிறது.

ஆனால் அந்தச் சல்லடையில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, 2008 செப்டம்பரில் ஒரு ரூபாயாக இருந்த விலை 2011 ஜூனில் பூஜ்யமானது. ஒரு ரூபாய் இருந்தவரை வேண்டாதவர் வாங்காமல் விட ஒரு சின்னக் காரணம் இருந்தது. பூஜ்யம் ஆனதும் வாங்கி விற்பதில் நட்டமே இல்லை. தெருவில் சைக்கிளில் வருபவர் கிலோவுக்கு ஐந்தோ பத்தோ கொடுத்து வாங்கிக்கொள்வார். அது பாலிஷ் ஆகி எல்லை தாண்டும், அல்லது மாவு மில்லுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகும். குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறை பிடித்துக்கொண்டே இருக்கிறது. விலை வித்தியாசம் இருக்கும்வரை பிடித்துக்கொண்டேதான் இருக்கும். இரண்டாவது ஓட்டை, அட்டையில் அரிசி தவிர மற்றதையும் தொங்கவிட்டது. பொங்கல் பரிசுப் பணம் அரிசி அட்டைக்கு என்று ஆனபின் யார் சர்க்கரை அட்டைக்கு மாறுவார்? 2019 நவம்பரில் சர்க்கரை அட்டைதாரர்களுக்கு அரிசி அட்டையாக மாற வாய்ப்பு கொடுத்ததும் லட்சக்கணக்கில் மாறினார்கள். அவர்களுக்குத் திடீரென அரிசிப் பசி எடுத்துவிட்டது என்று நம்ப முடியாது.

அரிசிக்குப் பதில் பணமாகவே போட்டுவிடலாமே என்பார்கள். பக்கத்திலேயே பார்க்கலாம். புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் ஒன்றியப் பங்கு அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் வர ஆரம்பித்தது, பின்னாளில் கடைகளும் மூடின. சந்தை விலை ஏறும்போது பணம் தானாக ஏறவில்லை. மூட்டையில் வந்தது வீட்டில் சோறாகும், கணக்கில் வந்தது எதுவாகவும் ஆகலாம். மக்கள் அரிசியைத் திரும்பக் கேட்டார்கள், 2024 அக்டோபரில் தீபாவளியை ஒட்டிக் கடைகள் மறுபடி திறந்தன. எங்கும் பணம் தோற்கும் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். விலைவாசியோடு கட்டாத பணம் தோற்கும் என்று சொல்லலாம்.

புதிதாக வந்த சேவை ஒன்று மிச்சம்: 2025 ஆகஸ்ட் 12-இல் தொடங்கிய தாயுமானவர் திட்டம். தொடங்கியபோது 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இரண்டாவது சனி, ஞாயிறில் என்று அறிவித்தார்கள். வண்டியில் வீட்டுக்கே சரக்கு, தராசும் பி.ஓ.எஸ். கருவியும் கூடவே வரும், எடையும் கைரேகையும் வாசலிலேயே. கடையில் கிடைப்பதைவிட இங்கே எடை பார்க்க நேரம் கிடைக்கிறது. ஆனால் முதியவர்களின் அட்டையில் வேலை வயதில் உள்ள மகனின் பெயர் இருந்தால், அவர் துபாயில் இருந்தாலும், வண்டி வராது. அப்படிப்பட்ட வீடுகள் முதலில் செய்ய வேண்டியது பெயர் நீக்கம்: பொது விநியோகத்துக்கான டி.என்.பி.டி.எஸ். இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பம், பிறகு வட்ட வழங்கல் அலுவலரின் ஒப்புதல். நீக்கும் முன் புது எண்ணிக்கைக்கு அரிசி எவ்வளவு குறையும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் இருவரானால் 20 கிலோ 16 ஆகிவிடும்.